டமாரத்தின் டப்பாவும் குண்டூசியின் கம்ப்யூட்டரும்

மாடி வீட்டுக்கு ஒரு டப்பா வந்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். ஆனால் அதைப் பார்த்ததிலிருந்து கீழ்வீட்டுக் குண்டூசிக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

குண்டூசி என்பது பட்டப்பெயர். ஆள் ஒல்லி, பேச்சு சுருக்கென்று குத்தும். டப்பாவுக்குச் சொந்தக்காரன் அவளுடைய பெரியம்மா மகன். அவனுக்கு டமாரம் என்று பெயர் வைத்ததே அவள்தான். அவன் வீட்டில் பல்பு மாற்றினால்கூடத் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

"ஏய் குண்டூசி! இது என்ன தெரியுமா? ப்ராசசர்! கம்ப்யூட்டரோட மூளை! கடையில இருக்குறதுலேயே உசத்தி இதுதான். மத்த சாமானெல்லாம் வந்தாச்சு. அப்பாவே இன்னைக்கு எல்லாத்தையும் மாட்டப்போறாரு!"

"அதுக்கு எதுக்குடா தெருவெல்லாம் தூக்கிட்டு அலையுற? மூளை வெயில்ல உருகிடப்போகுது."

சொல்லிவிட்டாளே தவிர, மனசு ஆறவில்லை. இரண்டு பேரும் ஒரே வகுப்பு. பள்ளி ஆண்டு விழாவுக்கு ஆளுக்கொரு கார்ட்டூன் படம் செய்யவேண்டும். அதில் ஒன்றைத்தான் பெரிய திரையில் போடுவார்கள். படங்களைப் பள்ளியிலேயே வரைந்து பென் டிரைவில் வைத்திருந்தார்கள். குரல் கொடுத்து, கோத்து முடிப்பதுதான் பாக்கி. நாளைக் காலை கொடுத்தாக வேண்டும்.

டமாரம் வரைந்த யானை ஏற்கெனவே நிஜ யானை மாதிரி நடந்தது. இப்போது உசத்தி மூளை வேறு! எல்லாம் அவனுக்கே கிடைக்கிறதே என்று குண்டூசி பொருமினாள்.

மத்தியானம் அம்மா அவளைக் கம்ப்யூட்டர் கடைக்குக் கூட்டிப் போனார். அம்மா பேருந்து நடத்துநர். வேலை முடிந்து, தோளில் பையோடு நேராக வந்திருந்தார்.

"போன மாசமே வந்திருக்கக் கூடாதா?" என்றார் கடைக்கார அக்கா. "எல்லா விலையும் ஏறிப்போச்சு. மெமரி விலையைக் கேட்டா எனக்கே மயக்கம் வருது."

"ஏறுறது எல்லாம் எங்கேயாவது இறங்கித்தானே ஆகணும்? இந்த விலை மட்டும் இறங்கவே மாட்டேங்குதே!" என்றார் அம்மா.

குண்டூசி அலமாரியின் மேல் தட்டைக் காட்டினாள். டமாரம் வைத்திருந்த அதே டப்பா. "எனக்கு அதுதான் வேணும்."

"அதை வாங்கினா உங்கம்மா கொண்டுவந்த பணத்துல முக்கால்வாசி அதுக்கே போயிடும். மத்ததெல்லாம் அரைகுறையாத்தான் வாங்கணும்" என்ற அக்கா, கீழ்த் தட்டிலிருந்து ஒரு சாதா டப்பாவை எடுத்தார். "இது போதுமே?"

"டமாரத்துக்கு உசத்தி, எனக்கு மட்டும் மட்டமா?" குண்டூசிக்குக் கண் கலங்கிவிட்டது.

"மட்டம்னு யாரு சொன்னா? நீ என்ன வேலை செய்யப்போற, அதைச் சொல்லு."

குண்டூசி மேசைப்பக்கம் திரும்பினாள். மேசைமேல் இரண்டு கம்ப்யூட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றில் உசத்தி ப்ராசசர், இன்னொன்றில் சாதா என்று முன்பக்கம் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. சட்டைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்தாள்.

"அக்கா, ஸ்டிக்கரை மறைச்சுட்டு, ரெண்டையும் இடம் மாத்தி வைங்க. நான் திரும்பி நிக்கிறேன். என் எறும்புப் படத்தை ரெண்டுலயும் போட்டுப் பாக்கணும்."

அக்கா சிரித்துக்கொண்டே சரி என்றார். அம்மா பையிலிருந்து பழைய பயணச்சீட்டுகளை எடுத்து ஸ்டிக்கர்மேல் ஒட்டினார்.

குண்டூசி இரண்டிலும் எறும்பை நடக்கவிட்டாள், ஓடவிட்டாள், சர்க்கரைக் கட்டியைத் தூக்கவிட்டாள். கடைசியில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "இதுதான் உசத்தி! எறும்பு என்ன அழகா ஓடுது பாருங்க!" என்று அடித்துச் சொன்னாள்.

அம்மா சீட்டைக் கிழித்தார். சாதா!

"அட!" என்றாள் குண்டூசி.

"உன் வேலைக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் அக்கா. "பெரிய பெரிய விளையாட்டு போட்டா இதுக்கு மூச்சு வாங்கும், அதையும் சொல்லிடறேன். இன்னொண்ணு. திரையில படம் காட்டுற பகுதி இதுக்குள்ளேயே இருக்கு. அந்த உசத்தி ரகத்துல அது கிடையாது. தனியா ஒரு கார்டு வாங்கி மாட்டணும்."

சாயங்காலமே சாதா கம்ப்யூட்டர் கீழ்வீட்டு மேசையில் உட்கார்ந்துவிட்டது. ஒழுங்காக ஓடியது. ஆனாலும் குண்டூசியின் காது மாடிப்பக்கமே இருந்தது. அங்கே நீல விளக்கெல்லாம் எரியுமாமே!

மாடியில் சத்தமே இல்லை. டமாரம் அரை மணி நேரம் சும்மா இருந்தால் ஏதோ விபரீதம் என்று அர்த்தம். அவள் படியேறிப் போனாள்.

நீல விளக்கு ஜொலித்தது. விசிறி சுற்றியது. திரை மட்டும் கன்னங்கரேல் என்றிருந்தது. பெரியப்பா முன்னால் கழற்றிய திருகாணிகள் சிதறிக் கிடந்தன. டமாரம் மூலையில் முழங்காலில் முகம் புதைத்து உட்கார்ந்திருந்தான்.

"எல்லாம் சரியாத்தான் மாட்டினேன். படம் மட்டும் வரமாட்டேங்குது" என்றார் பெரியப்பா.

குண்டூசிக்குப் பளிச்சென்று புரிந்தது. உள்ளுக்குள் ஒரு குதி குதித்தாள். நல்லா வேணும்! நாளைக்கு யானை வராது. எறும்புதான் திரையில்!

திரும்பி நடந்தவள், இரண்டு படி இறங்கியதும் நின்றுவிட்டாள். மேலே மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. டமாரம் இப்படிச் சத்தமில்லாமல் அழுது அவள் பார்த்ததே இல்லை. அவளுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

"ச்சே!" என்று தன்னையே திட்டிக்கொண்டு திரும்ப ஏறினாள்.

"பெரியப்பா, படம் காட்டுறதுக்குத் தனிக் கார்டு மாட்டினீங்களா?"

"கார்டா? இந்த விலையில அது எதுக்குன்னு விட்டுட்டேனே!"

"அது இல்லாம இதுல படமே வராதாம். கடைக்கார அக்கா சொன்னாங்க." பிறகு மூலையைப் பார்த்து, "டேய், பென் டிரைவை எடுத்துட்டு வா. என்கிட்ட இருக்குறது சாதாதான். இஷ்டமிருந்தா வா" என்றாள்.

அவன் வாலைச் சுருட்டிக்கொண்டு பின்னால் வந்தான். முதலில் எறும்பு, அப்புறம் யானை என்று இரண்டு படத்தையும் அன்றிரவே முடித்தார்கள். எறும்புக்கு வில்லனாக வந்த பல்லிக்கு டமாரம் குரல் கொடுத்தான். அடுத்த அறையிலிருந்து அம்மாவே திடுக்கிட்டு எழுந்து வந்தார்.

ஆண்டு விழாவில் யானைதான் திரையேறியது. குண்டூசி உதட்டைக் கடித்துக்கொண்டாள். எரியத்தான் செய்தது. நன்றாகவே எரிந்தது.

படம் முடிந்து திரை இருட்டானது. இருட்டிலிருந்து டமாரத்தின் குரல் அரங்கமே அதிர ஒலித்தது: "இந்தப் படம் எங்க குண்டூசியோட கம்ப்யூட்டர்ல செஞ்சது!"

"ஐயோ, மானத்தை வாங்கிட்டானே! இதை எப்பப் பதிஞ்சான்?" என்று அவள் முகத்தை மூடிக்கொண்டாள். விரலிடுக்கு வழியாக எல்லாரும் தன்னைப் பார்ப்பதையும் பார்த்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் டமாரம் நேராகக் கீழ்வீட்டு மேசைக்குப் போனான். சாதா கம்ப்யூட்டரைத் தடவிப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

"கார்டு வாங்க இன்னும் நாளாகுமாம். குண்டூசி... என்னோடது உசத்தி. நீல விளக்கெல்லாம் இருக்கு. நாம மாத்திக்கலாமா?"

"ஆசையைப் பாரு! கையை எடுடா" என்றாள் குண்டூசி. அவன் காதிலிருந்து புகை வருகிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, நகர்ந்து உட்கார்ந்து அவனுக்கும் நாற்காலியில் பாதி இடம் கொடுத்தாள்.