முன்னால் வந்து நிற்பவள்

புகைப்படத்தில் ஆறு பெண்கள் இருந்தார்கள். சுவரில் ஏழு பேர்.

பழைய புகைப்படத்தில் பின்னணியில் தெரிந்த கண்ணாடி ஓவியத்தையும், எதிர்ச் சுவரில் தொங்கிய அதே ஓவியத்தையும் பார்த்து உஸ்மா மறுபடி எண்ணினாள். மேனாம்பேட்டில் அந்த இரண்டாம் மாடி வீட்டின் கூடத்தில் மாலை நான்கு மணி வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நீட்டிப் போட்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ சுவரைத் துளைக்கும் சத்தம் விட்டு விட்டு வந்தது. சமையலறையிலிருந்து வந்த டீ வாசனையினூடே ஈரப் பெயின்ட்டின் நெடி மெல்லியதாகக் கலந்திருந்தது. அங்கே எந்தச் சுவரும் புதிதாகப் பெயின்ட் அடித்ததாகத் தெரியவில்லை.

"இது எப்ப எடுத்தது சார்?"

"எனக்கு மொத பொறந்த நாளு. அறுபத்தொம்போது," என்றார் ஜானகிராமன். "இன்னாம்மா, போலீஸ் மாதிரி கேட்டுகினே கீற? புட்ச்சிருந்தா எடுத்துகினு போ."

படத்தை விற்கிறவர்கள் விலையைத்தான் முதலில் கேட்பார்கள். இவர் அதைத் தவிர எல்லாம் பேசினார். ஒரு படம் யார் யார் கை மாறி வந்தது என்று சரிபார்த்து ஏல நிறுவனத்துக்குக் கையெழுத்திட்டுக் கொடுப்பது உஸ்மாவின் வேலை. போன வருடம் அவள் கையெழுத்திட்ட ஒன்று போலி. இன்னொன்று வந்தால் வேலை போய்விடும். ஏலம் நாளைக்கு.

எண்ணிக்கை பொருந்தவில்லை என்றால் இது நகல். ஆனால் பழைய போட்டோவில் கண்ணாடியின் கீழ்மூலையில் மீன்முள் போல ஒரு விரிசல் இருந்தது. சுவரில் இருந்த படத்திலும் அதே விரிசல், அதே ஐந்து கிளைகள்.

பிற்பாடு ஒருத்தியைச் சேர்த்திருப்பார்களோ? அதற்கும் வழியில்லை. கண்ணாடி ஓவியத்தைப் பின்பக்கமிருந்து தலைகீழ் வரிசையில் தீட்டுவார்கள். கண்மையும் மூக்குத்தியும் முதலில், அதன்மேல் முகம், சேலை, கடைசியில் நீலப் பின்னணி. பிறகு எதைச் சேர்த்தாலும் மற்றவற்றுக்குப் பின்னால்தான் ஒளியும். ஏழாவது பெண்ணோ எல்லோருக்கும் முன்னால் நின்றாள்.

"எண்ணிட்டியா?"

ஜானகிராமனின் மனைவி சுலோசனா. டீ டம்ளரோடு சமையலறை வாசலிலேயே நின்றாள். கூடத்துக்குள் கால் வைக்கவில்லை.

"போட்டோவ காட்டாதய்யான்னு சொன்னேன். கேட்டா தானே. பெரிய கலெக்டரு."

"நீ கம்முனு கெட."

"இன்னாத்துக்கு கம்முனு கெடக்கணும்? பின்னாடி ஒளிஞ்சிகினு இருந்தாம்மா அவ. மொதல்ல நெத்தி மட்டும் தெரிஞ்சுது. வர வர முன்னாடி வந்துகினே கீறா."

உஸ்மாவுக்குச் சிரிப்பு வந்தது. பேய்க்கதை சொன்னால் படத்துக்கு மவுசு கூடும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

"பின்பலகையைக் கழட்டிப் பாக்கணும் சார். வண்ணம் பழசா புதுசான்னு அங்கதான் தெரியும்."

ஜானகிராமன் எழுந்தார். "பலகைய தொடாதம்மா," என்றார். குரலில் கேலி இல்லை. "அத மட்டும் நாங்க யாரும் கழட்னதே இல்ல."

அங்கேதான் ஏதோ இருக்கிறது, கண்டுபிடித்தாயிற்று என்று நினைத்தாள். "பாக்காம கையெழுத்துப் போட முடியாது சார்."

அவர் மனைவியைப் பார்த்தார். இருவரும் சமையலறைக்குள் போனார்கள். தாழ்ப்பாள் விழுந்தது.

படத்தை இறக்கி மேசையில் கவிழ்த்தாள். திருப்புளியால் முதல் ஆணியை நெம்பினாள். பெயின்ட் நெடி மூக்கில் ஏறியது. இரண்டாவது ஆணி. மூன்றாவது. துளைக்கும் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது?

பலகை கையோடு வந்தது.

நீலப் பின்னணி இல்லை.

முதுகுகள். பின்னல்கள். பூச்சரங்கள். ரவிக்கையின் கொக்கிகள்.

எண்ணினாள். ஆறு.

ஏழாவது முதுகு இல்லை. இரண்டு பின்னல்களுக்கு நடுவே ஒரு முகம். இந்தப் பக்கம் பார்த்து.

பலகையை மூட வேண்டும். கை வரவில்லை.

கண்ணாடி அந்தப் பக்கம். அவர்களுக்கு முன்னால். இந்தப் பக்கம் தடுக்க எதுவும் இல்லை.

சட்டத்தின் விளிம்பை உள்ளிருந்து பற்றியபடி, ஈரமாக, நான்கு விரல்கள்.