முதலில் கேட்டது

அக்காவின் அடுத்த நான்கு வருடங்களுக்கு விலை ஆயிரத்து இருநூறு. கணினி அறிவியல் படிக்க விண்ணப்பக் கட்டணம் அது. ஒரு காசு குறையாது. அதுதான் அப்பாவுக்கு முதல் வருத்தம்.

அப்பா பயணப் பெட்டிகளும் பைகளும் விற்கிறவர். பேரம் பேசாமல் எதையும் வாங்கியதில்லை, விற்றதும் இல்லை. விண்ணப்ப உதவி எண்ணுக்குப் போன் செய்து, ரொக்கமாகக் கட்டினால் ஏதாவது தள்ளிக் கொடுப்பீர்களா என்று கேட்டார். மறுமுனையில் பேசியது பதிவு செய்த குரல். அது ஒன்றை அழுத்தச் சொன்னது. இரண்டை அழுத்தச் சொன்னது.

"பிடி கொடுக்கவே மாட்டேங்கிறாங்க. கெட்டிக்காரப் பொண்ணு" என்றார் அப்பா, மரியாதையோடு.

பணம் போய்ச் சேர்ந்த செய்தி வருவதற்குள் கடைசி நாள் வந்துவிட்டது. மாலை ஐந்து மணிக்கு விண்ணப்பப் பக்கம் மூடிவிடும். அக்கா அன்று வேறொரு நுழைவுத் தேர்வில் உட்கார்ந்திருந்தாள். ஐந்தரைக்குத்தான் வெளியே வருவாள். போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆனால் ஆறு கல்லூரிகளையும் தன் விருப்பப்படி வரிசைப்படுத்தி வைத்துவிட்டுத்தான் போயிருந்தாள். பணம் ஏறியதும் 'சமர்ப்பி' என்ற பொத்தானை அழுத்துவது மட்டுமே அப்பாவின் வேலை.

நாலு இருபதுக்கு அப்பாவின் சின்ன மகள் பள்ளியிலிருந்து நேராகக் கடைக்கு வந்தாள். அவளுக்கு வயது பத்து. வீட்டில் 'வாலு' என்று கூப்பிடுவார்கள். காரணம் கேட்டால் பொழுது போதாது.

அப்பா ஒரு பல் டாக்டரம்மாவுக்குப் பெட்டி காட்டிக்கொண்டிருந்தார். பணம் ஏறிவிட்டதா என்று பார்க்கும்படி வாலுவிடம் கண்ணைக் காட்டினார். அவள் கல்லாவுக்குப் பின்னால் போய்க் கணினித் திரையைப் பார்த்தாள். பணம் ஏறியிருந்தது. ஆனால் வரிசை தலைகீழாக இருந்தது.

அக்கா கடைசியாகப் போட்டிருந்த கண்ணாடிக் கட்டடக் கல்லூரி முதலில் நின்றது. முதலில் போட்டிருந்த ஏரிக்கரைக் கல்லூரி கடைசியில் கிடந்தது.

இரண்டு கல்லூரிகளையும் பார்க்க வாலுவும் அக்காவோடு போயிருந்தாள். ஏரிக்கரையில் ஒரு மாணவி தானே எழுதிய விளையாட்டைக் கணினியில் திறந்து கொடுத்தாள். வாலு அதில் ஒன்பது தடவை தோற்றாள். அக்கா அந்த மாணவியைக் கேள்வி கேட்டே களைப்பாக்கிவிட்டாள். கண்ணாடிக் கட்டடத்தில் வாசல் பளபளவென்று இருந்தது. கணினி அறை பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் இருக்கிறதென்று காவலாளிக்கே தெரியவில்லை.

வாலு ஓடிப்போய் அப்பாவின் சட்டையை இழுத்தாள். வரிசை மாறிக் கிடக்கிறது என்றாள்.

"நான்தான் மாத்தினேன்" என்றார் அப்பா, குரலைத் தாழ்த்தி. "உங்கக்காவுக்கு வியாபாரம் தெரியல. மனசுல இருக்கறதை யாராவது முதல்ல சொல்லுவாங்களா? ஏரிக்கரைதான் வேணும்னு காட்டிக்கிட்டா அவங்க ஃபீஸை ஏத்திடுவாங்க. வேண்டாததை முதல்ல கேட்கணும். போனாப் போகுதுன்னு கடைசியில வேணுங்கறதைக் கேட்கணும்."

வாலு திரும்பிப் போய், திரையின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை விரல் வைத்துப் படித்தாள். வரிசையை மேலிருந்து பார்த்துவரும்போது எந்தக் கல்லூரியில் முதலில் இடம் கிடைக்கிறதோ அதுவே ஒதுக்கப்படும். சமர்ப்பித்த பிறகு மாற்ற முடியாது.

கண்ணாடிக் கட்டடத்தில் எல்லோருக்கும் இடம் கிடைக்கும். அங்கே யாரும் போவதில்லை.

இதையும் ஓடிப்போய்ச் சொன்னாள். அப்பா சிரித்தார். "நம்ம கடையிலயும்தான் 'ஒரே விலை'ன்னு எழுதி மாட்டியிருக்கு. யாராவது மதிக்கிறாங்களா?"

மணி நாலு முப்பத்தெட்டு. அக்காவுக்குப் போன் செய்தாள். அணைந்திருந்தது. ஒரு கணம் தானே மாற்றிவிடலாமா என்று நினைத்தாள். ஆனால் வரிசையைத் தொட்டாலே அப்பாவின் போனுக்கு ஆறு இலக்க ரகசிய எண் வரும். அதைக் கொடுக்காமல் எதுவும் நடக்காது. தவிர, கேட்காமல் மாற்றியவர் ஒருவர் இருப்பதே போதும்.

அப்போது டாக்டரம்மா, மூலையிலிருந்த சின்ன நீலப் பையைத் தொட்டு, "இது என்ன விலை?" என்றார். அவர் கண் மட்டும் பெரிய சிவப்புப் பெட்டியின் மேலேயே இருந்தது.

வாலு நீலப் பையைச் சட்டென்று எடுத்தாள். உறைக்குள் போட்டாள். ரசீதுப் புத்தகத்தில் 'நீலப் பை ஒன்று' என்று எழுதிக் கிழித்து டாக்டரம்மாவின் கையில் கொடுத்தாள்.

"பாப்பா, நான் விலைதானே கேட்டேன்" என்றார் அவர்.

"முதல்ல கேட்டது இதுதான். இருக்கு, கொடுத்தாச்சு. இனிமே மாத்த முடியாது."

"இது என்ன அநியாயம்? எனக்கு வேண்டியது அந்தச் சிவப்புப் பெட்டி."

"அதை ஏன் முதல்ல கேட்கல?"

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. மன்னிக்கச் சொல்லி டாக்டரம்மாவைக் கெஞ்சினார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். "நம்ம கடையில என்னிக்காவது இப்படி நடந்திருக்கா?"

"நம்ம கடையில நடக்காதுப்பா" என்றாள் வாலு. "அந்தக் கடையில இப்படித்தான். அங்கே இருக்கறது மெஷின். அது நம்ம மூஞ்சியைப் பார்க்காது. ஒரே தடவைதான் கேட்கும்."

அப்பா நீலப் பையைப் பார்த்தார். ரசீதைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். நாலு ஐம்பது.

பேரம் நடக்கும்போது வாடிக்கையாளரை விட்டு அவர் நகர்ந்ததே இல்லை. அன்று கல்லாவுக்கு ஓடினார். ஓடின வேகத்தில் மூக்குக் கண்ணாடியைப் பெட்டிகளுக்கு நடுவே எங்கோ விட்டுவிட்டார். வாலு நாற்காலியில் முட்டி போட்டு ஏறி, ஒவ்வொரு கல்லூரியாக இழுத்து வைத்தாள். ஏரிக்கரை. மணிக்கூண்டு. ரயிலடி. நான்காவது எது? அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆறு மாதமாக அக்கா பல் தேய்க்கும்போதுகூட முணுமுணுத்த வரிசை ஆயிற்றே. பழைய மில். புதுப்பாலம். கடைசியில், கண்ணாடிக் கட்டடம்.

நாலு ஐம்பத்தைந்து. ரகசிய எண் வர வேண்டும். போன் சும்மா கிடந்தது. அப்பா அதைத் தட்டிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார். நாலு ஐம்பத்தேழுக்கு அது 'டிங்' என்றது. கண்ணாடி இல்லாமல் அவருக்கு எண் தெரியவில்லை.

"இப்படிக் கொடுங்க" என்று டாக்டரம்மா போனை வாங்கினார். ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாகப் படித்தார். வாலு அதை அடித்து, 'சமர்ப்பி'யை அழுத்தினாள். சின்ன வட்டம் ஒன்று திரையில் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

'உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. நேரம் 4.59.'

அப்பா பக்கத்திலிருந்த ஒரு பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். வரிசையை மாற்றியதைத் தானே அக்காவிடம் சொல்லிக்கொள்வதாக வாலுவிடம் சொன்னார். சொல்லத் தைரியம் வர அவருக்குப் பத்து நாள் ஆயிற்று.

அன்றுதான் முடிவும் வந்தது. ஏரிக்கரையில் இடம் இல்லை. மணிக்கூண்டுக் கல்லூரியில் கிடைத்திருந்தது. இரண்டாவது விருப்பம். அக்கா வாலுவைத் தூக்கிச் சுற்றினாள். அவள் இறக்கிவிட்டதும் அப்பா எல்லாவற்றையும் சொன்னார்.

அக்கா, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றாள். பத்து நாள் பேசப் போவதில்லை என்றாள் அக்கா.

"ரெண்டு நாள்" என்றார் அப்பா.

"எட்டு."

"மூணு. ஒத்துக்கிட்டதுக்காகவாவது குறைம்மா."

நாலில் படிந்தது. இன்றோடு மூன்று நாள் கழிந்தது. பாக்கி ஒன்று.