எருமைத்தொண்டையில் இறங்கி நடந்தவர்கள்

மூன்று நாளாக மழை விடவில்லை. நேபாளத்துச் சுன்கோசி ஆறு கலங்கி, தேநீர் நிறத்தில் ஓடியது. கூடாரம், துணி, அவல் மூட்டை எல்லாம் ஈரம்.

பதினொரு வயது ஜுனு மாஞ்சி, அப்பாவின் ரப்பர் படகில் உட்கார்ந்திருந்தாள். அப்பா கேசர் பின்னாலிருந்து படகைத் திருப்ப, தசைன் பண்டிகை விடுமுறைக்குக் காட்மாண்டுவிலிருந்து வந்த நான்கு பேர் துடுப்புப் போட்டார்கள். எட்டு நாள் பயணத்தில் அது நான்காம் நாள்.

ஜுனுவின் பக்கத்தில் நிமா. ஒன்பது வயது. அவன் அப்பா புர்பா முன்பெல்லாம் கேசரின் படகுக்கு முன்னால் கயாக் என்னும் சின்ன ஒற்றையாள் படகில் போவார். யாராவது தண்ணீரில் விழுந்தால் இழுத்துக் கரை சேர்ப்பது அவர் வேலை. போன வருடம் எருமைத்தொண்டை என்ற பாய்ச்சலில், ஆறு பாறைகளுக்கிடையே சீறி விழும் இடத்தில், கயாக் மட்டும் வெளியே வந்தது.

நிமாவின் அம்மா குவைத்தில் வேலை செய்கிறாள். அதனால் அவன் இப்போது ஜுனுவின் வீட்டில்தான் இருக்கிறான். "மாமா, அந்த இடத்தை நான் பாக்கணும்" என்று மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் கேசர் அவனையும் அழைத்து வந்துவிட்டார்.

மத்தியானம் எருமைத்தொண்டையின் இரைச்சல் கேட்டது. கேசர் படகைக் கரையில் ஒதுக்கினார். பெரியவர்கள் பாறைமேல் ஏறிப் பார்த்தார்கள். ஜுனுவும் ஏறினாள். இரண்டு பாறைகளுக்கு நடுவே ஆறு விழுந்து, புரண்டு, பின்னோக்கிச் சுருண்டது.

"தண்ணி ஏறியிருக்கு. இடது பக்கமா போயிடலாம்" என்றார் கேசர். கொஞ்சம் பொறுத்து, "போயிடலாம்" என்று மறுபடியும் சொன்னார்.

"இதுக்குத்தானே இவ்ளோ தூரம் வந்தோம்" என்றார் நகரத்து ஆட்களில் தாடி வைத்தவர். ஆனால் பாறை விளிம்பிலிருந்து இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

ஜுனு படகுக்குத் திரும்பினாள். நிமா இறங்கவே இல்லை. கயிற்றைப் பிடித்திருந்த அவன் விரல்கள் வெளுத்திருந்தன.

"இறங்குறியாடா? நாம கரையோரமா நடந்து போயிடலாம்."

அவன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். "நான்தானே கூட்டிட்டு வரச் சொன்னேன். இப்ப வேணாம்னு எப்படிச் சொல்றது?"

ஜுனு அவன் விரல்களை மறுபடியும் பார்த்தாள். பிறகு பாறையடியில் நின்றிருந்த அப்பாவிடம் போய், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"அப்பா, எனக்குப் பயமா இருக்கு. நான் நடந்தே வரேன். தனியா நடக்கவும் பயம். நிமாவைத் துணைக்கு அனுப்புங்க."

புர்பாவுக்குப் பதிலாக இப்போது கயாக்கில் முன்னால் போகும் சந்தே சிரித்துவிட்டான். "படகோட்டுற மாஞ்சி வீட்டுப் பொண்ணுக்குத் தண்ணியில பயமா? மீனு போய் ஆத்தைப் பாத்து நடுங்குதாம்."

ஜுனுவுக்குக் காது சூடானது. ஆற்றின் எந்தப் பாய்ச்சலுக்கும் பயப்படாதவள் என்று பள்ளியில் அவளுக்குப் பேர். ஆனாலும் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

தாடிக்காரர் முன்னால் வந்தார். "பாப்பா மட்டும் இல்ல. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

"அப்பாடா, நீயே சொல்லிட்ட" என்றாள் கூடத் துடுப்புப் போட்டு வந்த அவர் தங்கை.

கேசர் ஆற்றைப் பார்த்தார். மழைத்தண்ணீர் அவர் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது.

"எனக்கும்தான்" என்றார் மெதுவாக. "எல்லாரும் நடப்போம். சாமானை இறக்குங்க."

மூட்டைகளைத் தோளில் சுமந்து, வழுக்குப் பாறைகளைத் தாண்ட ஒரு மணி நேரமானது. சந்தே தன் கயாக்கைத் தலைமேல் தூக்கிக்கொண்டு நடந்தான். காலிப் படகைப் பெரியவர்கள் கயிற்றில் கட்டி, கரையிலிருந்து பிடித்தபடி ஆற்றோடு விட்டார்கள். சுருண்ட அலை அதைத் தூக்கி ஒரே தட்டில் கவிழ்த்தது. கயிறு உரசிக் கேசரின் உள்ளங்கை தோல் உரிந்தது. அதன் பிறகு சந்தே யாரையும் கேலி செய்யவில்லை.

"அப்பா போன இடம் எங்கே, மாமா?" என்று கேட்டான் நிமா.

கேசர் கை காட்டினார். "அந்தக் கறுப்புப் பாறைக்குக் கீழே."

நிமா வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை.

"இவ்ளோ சத்தமா இருக்கும்னு நெனக்கல" என்றான். பிறகு அழுதான். ஜுனு அவன் பக்கத்தில் நின்றாள்.

கீழே படகை நிமிர்த்தும்போது கேசர் அவளிடம் கேட்டார். "உனக்கு நிஜமாவே பயமா இருந்துச்சா?"

"சொன்னப்ப இல்லப்பா. படகு கவிழ்ந்தப்ப இருந்துச்சு."

அவர் காயம்படாத கையை அவள் தலைமேல் வைத்தார்.

நிமா மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தான். "மாமா, இன்னிக்கு இனிமே பாய்ச்சல் இருக்கா?"

"சின்னதா ரெண்டு."

"அப்போ நான் முன்னாடி உக்காந்துக்கட்டுமா?"

ஜுனு நகர்ந்து இடம் விட்டாள். மழை இன்னும் பெய்துகொண்டிருந்தது. முதல் அலை அவன் முகத்தில் அறைந்தபோது அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவனுடைய லைஃப் ஜாக்கெட்டின் பின்பட்டையை ஜுனு பிடித்திருந்தாள். இரண்டாவது பாய்ச்சலும் முடியும்வரை விடவில்லை.