அழுத்தக்காரி

காலை ஏழு மணிக்கு அடுப்பில் இரண்டு பாத்திரங்கள் கொதித்துக்கொண்டிருந்தன. இடது பக்கம் இருந்தது வீட்டுக்கு, வலது பக்கம் இருந்தது மாமியாருக்கு. இரண்டிலும் ஒரே காய், ஒரே தண்ணீர். உப்பு மட்டும் இடது பாத்திரத்தோடு நின்றுவிடும். மூன்று மாதமாக இதுதான் ஏற்பாடு.

உத்தரவு போட்டவன் அடுப்படியில் நின்ற மருமகளின் கணவன். லேத் பட்டறையில் இரும்பைக் கடைபவன். தலை சுற்றிய அம்மாவை ஒரு நாள் மாலை தெருமுனைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனான். டாக்டர் வரவில்லை. கையில் பட்டையைக் கட்டிப் பார்த்த நர்ஸ், "அம்மாவுக்கு பிரஷர் சரியில்லீங்க. நாளைக்கு வந்து டாக்டரைப் பாருங்க," என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். அவன் சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்தான். வீட்டுக்கு வந்து, "அம்மாவுக்கு பிரஷர். இனிமே ஒரு கல்லு உப்பு கூட வாயில படக்கூடாது," என்றான். மறுநாள் பட்டறையில் அவசர வேலை. அதற்கு அடுத்த நாள் அம்மாவே, "வேண்டாம்டா," என்றார். விஷயம் அத்தோடு முடிந்தது.

மருமகளுக்கு அந்த வீட்டில் அழுத்தக்காரி என்று பெயர். வந்த முதல் வாரத்தில் பாதத்தில் வெந்நீர் கொட்டியும் சத்தம் போடாமல் பரிமாறி முடித்தாள். "அடேயப்பா, என்ன அழுத்தக்காரி," என்று மாமியார் வியந்து வைத்த பெயர் அது. வருஷம் போகப் போக வியப்பு உதிர்ந்துவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ரெடிமேட் கம்பெனியின் கட்டிங் செக்‌ஷனில் அவளை சூப்பர்வைசராக்கப் போகிறார்கள் என்ற நேரத்தில்தான் மாமியார் தளர்ந்து படுத்தார். வீட்டில் யாராவது ஒருவர் இருக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. அந்த யாராவது யார் என்பது பேச்சு தொடங்கும் முன்பே முடிவாகியிருந்தது. அவள் வேலையை விட்டு எட்டு மாதம் ஆகிறது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நாத்தனார் வந்திருந்தாள். பக்கத்து ஊர்ப் பள்ளியில் அறிவியல் டீச்சர். வாரம் ஒரு முறை வந்து, வீட்டைச் சுற்றிப் பார்த்து, பிழை திருத்திவிட்டுப் போவாள்.

"அம்மா எப்படி இளைச்சுட்டாங்க பாத்தியாண்ணா? நிறமே மாறிப் போச்சு. வெயில்ல துணி காயப்போட விடறாங்களா அண்ணி?" என்று கேட்டபடி தலையணை உறையை உருவினாள்.

டங்கென்று ஒரு தகர டப்பா தரையில் விழுந்தது. மூடி கழன்று உருண்டது. தரையெல்லாம் கல்லுப்பு.

அது பட்டன் டப்பா. கட்டிங் செக்‌ஷனில் இருந்தபோது உதிரிப் பட்டன்களைப் போட்டு வைக்க மருமகள் வைத்திருந்தது. மூடியில் இன்னும் துணியில் கோடு போடும் நீலச் சாக்கட்டியின் கறை இருந்தது. யாருடையது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

"இது என்ன?" என்றான் கணவன்.

அவள் கட்டிலைப் பார்த்தாள். மாமியார் மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

உத்தரவு வந்த பத்தாம் நாள் மதியம் நடந்ததை அவர்கள் இருவரைத் தவிர யாரும் அறியமாட்டார்கள். சுவரைப் பிடித்துப் பிடித்து சமையலறைக்கு வந்த மாமியார், உப்பு ஜாடியின் மூடியை எடுத்து நக்கிக்கொண்டிருந்தார். சாப்பாட்டைச் சிந்தாமல் சிதறாமல் உண்ணப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்த மனுஷி. மருமகளைப் பார்த்ததும் திருதிருவென விழித்தார். "உப்பு இல்லாம இருக்க முடியலடி அம்மாடி... உள்ளேயே ஏதோ இழுக்குது. பசங்க கிட்ட சொல்லிடாதே. மானம் போயிடும். சத்தியம் பண்ணு," என்று கையை நீட்டினார். அவள் சத்தியம் செய்தாள்.

அவளுக்கும் பயம்தான். பிரஷர் ஏறி ஏதாவது ஆகிவிட்டால்? ஆனாலும் அவள் கண் துணியில் நூலளவு கோணலைக் கண்டுபிடித்துப் பழகிய கண். உப்பு உள்ளே போன நாளில் மாமியார் தானாக எழுந்து குளியலறைக்குப் போனார், போகாத நாளில் எழுந்தாலே தலை சுற்றி உட்கார்ந்தார். உள்ளங்கை ரேகைகள் பென்சிலால் வரைந்தது போல் கறுத்திருந்தன. வெயிலே படாத ஈறுகூடக் கறுத்திருந்தது. இரண்டு முறை கணவனிடம் சொன்னாள். "வயசானா அப்படித்தான்," என்றான். தன் கண்ணை நம்பி, டப்பாவை நிரப்பிக் கொடுத்தாள்.

இப்போது அந்த டப்பா தரையில் கிடந்தது.

"நான்தான் குடுத்தேன்," என்றாள்.

"ஏன் அண்ணி?" நாத்தனாரின் குரல் உடைந்தது. "பிரஷர் பேஷண்ட்டுக்கு உப்புக் குடுத்தா என்னாகும்னு உங்களுக்குத் தெரியாதா? அம்மா போய்ட்டா மறுபடி வேலைக்குப் போகலாம்னு பாக்கறீங்களா? நீங்க உப்புப் போட்டுத்தானே சாப்பிடறீங்க?"

எட்டு மாதத்தில் அந்த வீட்டில் யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. மாமியாரின் முதுகு லேசாக நடுங்கியதைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சத்தியம் குறுக்கே நின்றது. அதைவிட, அந்த வயதான முதுகு குறுக்கே நின்றது.

"பதில் சொல்றாளா பாரு, அழுத்தக்காரி," என்றான் கணவன். "இனிமே அம்மா ரூமுக்குள்ள நீ காலெடுத்து வைக்கக் கூடாது."

நாத்தனார் ஐந்து நாள் லீவு போட்டாள். சமையலறை கை மாறியது. உப்பு ஜாடி அலமாரிக்குள் போய்ப் பூட்டப்பட்டது. மருமகளுக்குத் துணி துவைப்பதும் வாசல் கூட்டுவதும் மிஞ்சின. திங்களன்று மாமியார் வாந்தி எடுத்தார். "உள்ள இருந்த உப்பெல்லாம் வெளிய வருதுண்ணா," என்று டீச்சர் விளக்கம் சொன்னாள். செவ்வாயன்று எழுந்து நிற்க முடியவில்லை. மருமகள் வாசற்படியில் நின்று, "ஏங்க, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாமே," என்றாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை காலை நாத்தனாரின் அலறல் கேட்டது. மருமகள் ஈரக் கையோடு உள்ளே ஓடினாள். தடையாவது ஒன்றாவது! மாமியாரின் கண்கள் செருகியிருந்தன, கை சில்லென்று இருந்தது. "வண்டியக் கூப்பிடுங்க. கிளினிக்குக்கு இல்ல, பெரிய ஆஸ்பத்திரிக்கு," என்றாள். அந்தக் குரலை அவள் கணவன் இதற்கு முன் கேட்டதில்லை. மறுபேச்சுப் பேசாமல் ஓடினான்.

அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த டாக்டரம்மா நரைத்த தலைக்காரர், நிதானமாகப் பேசுபவர். கையில் பட்டையைக் கட்டி அளந்ததில் மேல் அளவு எழுபதுதான் இருந்தது. கடகடவென்று சலைன் ஏற்றச் சொன்னார், ரத்தம் எடுத்தார், கைரேகையைப் பார்த்தார், உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். பிறகு ஓர் ஊசி போட்டார். மதியத்துக்குள் மாமியார் கண் திறந்து தண்ணீர் கேட்டார்.

"அவங்களுக்கு ஏற்கெனவே பிரஷர் இருக்கு டாக்டர்," என்றான் மகன். "நாங்க உப்பே குடுக்கறதில்ல."

"யாரு சொன்னது பிரஷர்னு?"

அவன் பர்ஸிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினான். மூன்று மாதத்தில் அது முதல் முறையாகப் பிரிந்தது. டாக்டரம்மா படித்துவிட்டு அவனிடமே திருப்பிக் கொடுத்தார்.

"எண்பத்தாறுக்கு ஐம்பத்தெட்டு. படிக்கத் தெரியும்ல? பிரஷர்னா ஏறுறது மட்டும்தானா? இவங்களுக்கு இறங்கிக் கிடந்திருக்கு."

அவன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். இரும்பில் ஒரு நூல் பிசகினால் தூக்கி எறிகிறவன்.

டாக்டரம்மா ஒரு தாளில் இரண்டு அவரை விதைகளை வரைந்தார். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்னக் குல்லாய் வைத்தார். "இது கிட்னி. மேல இருக்கிறது..."

"அட்ரினல் சுரப்பி," என்றாள் நாத்தனார். வாய் தானாகச் சொல்லிவிட்டது. "சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமைந்த நாளமில்லாச் சுரப்பி." வருஷா வருஷம் பத்தாம் வகுப்பில் அவள் நடத்தும் பாடம், இரண்டு மதிப்பெண் கேள்வி. சொல்லி முடித்ததும் அவள் முகம் வெளுத்தது.

"அதேதான். நாளம்னா குழாய். குழாய் இல்லாததால இதுங்க சரக்கை நேரா ரத்தத்துல விட்டுடும். ரத்தம் போற இடமெல்லாம் சேதி போகும். தைராய்டு, கணையம் எல்லாம் இப்படித்தான். இந்தக் குல்லாய்ல சுரக்கற ஹார்மோன்ல ஒண்ணு உடம்புல உப்பைப் பிடிச்சு வைக்கும். இன்னொண்ணு காய்ச்சல், அதிர்ச்சின்னு வந்தா தாங்கிக்கத் தெம்பு குடுக்கும். இவங்களுக்கு ரெண்டுமே வத்திப் போச்சு. உப்பு பூரா சிறுநீர்ல போயிட்டே இருக்கு. அதான் உடம்பு உப்பு உப்புன்னு கேட்டிருக்கு."

"கறுப்பு?" என்று கேட்டாள் மருமகள். அவள் அங்கே பேசிய முதல் வார்த்தை.

டாக்டரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். "மூளைக்கு அடியில ஒரு தலைமைச் சுரப்பி இருக்கு, பிட்யூட்டரின்னு. வேலை செய், வேலை செய்னு கீழ இருக்கிறதுக்கு ஆள் அனுப்பும். பதில் வந்தா அடங்கிடும். வரலைன்னா இன்னும் இன்னும் அனுப்பும். அப்படி அனுப்பின ஹார்மோன் அளவுக்கு மீறிப் போனா தோலையும் கறுக்க வச்சுடும்."

அவளுக்குச் சட்டென்று புரிந்தது. கட்டிங் செக்‌ஷனிலிருந்து துணி வராவிட்டால் மேல்மாடி மேனேஜர் இப்படித்தான் ஆள் மேல் ஆள் அனுப்புவார். துணி போய்ச் சேர்ந்த மறுநிமிஷம் அடங்கிவிடுவார்.

"ஒண்ணுதான் எனக்குப் புரியல," என்றார் டாக்டரம்மா. "உப்பே இல்லாம மூணு மாசம் இவங்க தாங்கியிருக்க முடியாதே. யாராவது குடுத்தீங்களா?"

நாத்தனார் அண்ணியின் பக்கம் திரும்பினாள்.

"நான்தான்," என்றாள் மருமகள். நான்கு நாளுக்கு முன் சொன்ன அதே சொல்.

"நிறுத்தினது எப்போ?"

"ஞாயித்துக்கிழமை."

டாக்டரம்மா மற்ற இருவரையும் ஒரு முறை பார்த்தார். "உப்பு வைத்தியம் இல்லம்மா. ஆனா இத்தனை நாள் இவங்க உயிரைப் பிடிச்சு வச்சது அதுதான்."

மாமியார் கட்டிலிலிருந்து கையை நீட்டினார். ஊசி குத்திய கை. "நான் கேட்டுத்தான் குடுத்தா," என்றார். "சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டேன். அன்னிக்கு நீங்க அவளை அவ்ளோ பேசினப்ப... நான் சுவத்தைப் பாத்துட்டுப் படுத்திருந்தேன்டா. உப்பைத் திருடின வாய், உண்மையச் சொல்ல மட்டும் வரல. அழுத்தக்காரின்னு நான்தான் பேரு வச்சேன். எனக்கு இறங்கின அழுத்தமெல்லாம் அவகிட்டதான் இருந்திருக்கு. அதனால பொழைச்சேன்."

நாத்தனார் மருமகளின் தோளில் விழுந்து அழுதாள். "பாடமா நடத்தறேன் அண்ணி... போர்டுல படம் போட்டு நடத்தறேன். அம்மா முகத்துல இருந்ததைப் படிக்கல. உங்களை என்ன கேள்வி கேட்டுட்டேன்..." மருமகள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அழவில்லை. அழுகை எங்கோ உள்ளே கட்டிப் போய்க் கிடந்தது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டரம்மா மாத்திரைகளை விளக்கினார். காலையில் இது, மதியம் இது. ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது. காய்ச்சல் வந்தால் இந்த மாத்திரையை இரட்டிப்பாக்கிவிட்டு உடனே வர வேண்டும். "யாரு பாத்துக்கப் போறீங்க?" என்று கேட்டார்.

மூன்று ஜோடிக் கண்கள் பழக்கத்தில் ஒரே பக்கம் திரும்பின.

"அவங்க பையன்," என்றாள் மருமகள் அமைதியாக. "காலையில அவர், மதியத்துக்கு அத்தையே போட்டுக்குவாங்க. திங்கட்கிழமையிலேர்ந்து நான் கம்பெனிக்குப் போறேன்."

கணவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "போகட்டும்டா," என்றார் மாமியார். அவன் தலையை ஆட்டினான். "என்னை மன்னிச்சிடு," என்றான், மாத்திரைச் சீட்டைப் பார்த்தபடியே. இந்த முறை சீட்டை மடிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை அடுப்பில் ஒரே பாத்திரம் இருந்தது. சமைத்தவன் அவன். பட்டன் டப்பாவைக் கழுவித் துடைத்து மாத்திரைகளைப் போட்டு அம்மாவின் தலைமாட்டில் வைத்திருந்தான். மருமகள் பையை மாட்டிக்கொண்டு வாசலில் செருப்புக்குள் காலை நுழைத்தாள். உள்ளே கிண்ணத்தில் கரண்டி படும் சத்தம் கேட்டது.

"த்தூ... என்னடா இது, உப்பு இப்படிக் கரிக்குது," என்றார் மாமியார்.

கை நிறைய அள்ளிக் கொடுத்தாலும் பத்தலை பத்தலை என்று கேட்ட நாக்கு அது. இப்போது போதும் என்கிறது.

ஒரு செருப்போடு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அழுத்தக்காரிக்கு, எட்டு மாத அழுகையும் ஒன்றாக வந்தது.