தறிப்பேச்சு

படத்தில் அம்மா வாயைத் திறந்திருந்தாள்.

முரியல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, ஏப்ரன் நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். ஆலைக்கு விடுமுறை விட்ட வாரத்தில் பிளாக்பூல் கடற்கரையில் எடுத்த படம் அது. நெசவுப் பெண்கள் கைகோத்து வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் அவள் அம்மா அன்னிஸ், இருபது வயதுக்காரி. பல்வரிசை சரியில்லை என்று படம் எடுக்கும்போதெல்லாம் உதட்டை இறுக்கி மூடிக்கொள்வது அன்னிஸின் வழக்கம். இந்தப் படத்திலும் நேற்று வரை அப்படித்தான் மூடியிருந்தாள். இப்போது உதடுகள் விலகி, ஏதோ ஒரு வார்த்தையைத் தொடங்கப் போகிறவள் மாதிரி இருந்தாள்.

ஈரம் இறங்கியிருக்கும் என்று முரியல் சமாதானம் சொல்லிக்கொண்டாள். டிசம்பர் மாதத்தில் இந்த வீதியில் எந்த வீட்டுச் சுவர்தான் வியர்க்காமல் இருக்கிறது? படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

வேலை என்றால் வம்சாவளி. சுவர்த்தாள் சுருள் ஒன்றைச் சமையலறை மேசை மேல் பின்பக்கம் தெரியும்படி விரித்து, நான்கு மூலையிலும் ஜாம் புட்டிகளை வைத்து, குடும்பத்தை வரைந்துகொண்டிருந்தாள். அம்மா போன மார்ச்சில் இறந்ததிலிருந்து இதே பைத்தியம்தான். ஓய்வு கிடைத்தால் நூலகம். மழை விட்டால் தேவாலயத்துக் கல்லறையில் பாசி சுரண்டல். கிடைத்தவர்கள் எல்லாம் நெசவுக்காரிகள், நூல் சுற்றுகிறவர்கள், ஒரு வண்டிக்காரர், சுரங்கத்தில் முதுகு ஒடிந்த ஒருவர். பீற்றிக்கொள்ள ஒரு ஆள் இல்லை. ஆனாலும் கையில் பேனா இருக்கும்வரை மனம் மார்ச் மாதத்துக்குப் போகாது. அதற்காகத்தான் இத்தனையும்.

ஒவ்வொரு பெயருக்கும் கீழே பிறந்த இடம், இறந்த இடம். அம்மாவின் பெயருக்குக் கீழே, 'சொந்த வீட்டில்' என்று எழுதியிருந்தாள். டொராண்டோவில் இருக்கும் மகளுக்கும் அதையே கடிதமாக எழுதிப் போட்டிருந்தாள். பாட்டி தன் கட்டிலிலேயே தூக்கத்தில் போய்விட்டாள் என்று.

நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. கொல்லைக் கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு ஹெட்டி வந்தாள். பெரியம்மா மகள், எண்பதைத் தாண்டியவள், அம்மாவோடு ஒரே கூடத்தில் தறி ஓட்டியவள். தறியின் இரைச்சல் அந்தக் காலத்திலேயே அவள் காதைத் தின்றுவிட்டது. முரியல் குரலை எழுப்பாமல் உதட்டை அகல அசைத்துத்தான் அவளிடம் பேசுவாள். ஊரில் அதைத் தறிப்பேச்சு என்பார்கள். நூற்றுக்கணக்கான தறிகள் ஒரே கூரையின் கீழ் இடிக்கும்போது கத்தி என்ன பயன்? பெண்கள் உதட்டாலேயே பேசினார்கள், கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வம்பளந்தார்கள், மேஸ்திரியின் முகத்துக்கு நேரே அவனைத் திட்டினார்கள். அன்னிஸ் தன் மகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் இதைத்தான் கற்றுக்கொடுத்தாள்.

ஹெட்டி இஞ்சி கேக்கைக் கடித்துக்கொண்டே சுருளின் மேல் குனிந்தாள். அவள் விரல் ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்குத் தாவியது.

"ஏண்டி, நம்ம பாட்டி, அவ தங்கச்சி, அவங்க ஆத்தா, எல்லாரும் ஹை லேன் பதினெட்டாம் நம்பர்லயா செத்தாங்க?"

"அங்க நமக்குச் சொந்தக்காரங்க வீடு ஏதாவது இருந்திருக்கும்னு நெனச்சேன்கா."

ஹெட்டி சிரித்த சிரிப்பில் கேக் துணுக்குகள் வம்சத்தின் மேல் சிதறின.

"சொந்தக்காரங்களாம்! அது ஏழை விடுதிடி கண்ணு. போக்கிடம் இல்லாத கெழங்களக் கொண்டு போய்த் தள்ளுவாங்களே, அது. சர்டிபிகேட்ல அப்படிப் போட்டா பிள்ளைங்களுக்கு அவமானம்னு, வீட்டு நம்பர் மாதிரி ஒண்ண எழுதிக் குடுப்பாங்க. அப்புறம் அதுக்கே சுண்ணாம்பு அடிச்சு ஆஸ்பத்திரின்னாங்க. அதே படி, அதே ஜன்னல். உங்கம்மா கெடந்தாளே, அதேதான்."

மேட்டு ஆஸ்பத்திரி ஒரு காலத்தில் ஏழை விடுதியாக இருந்தது ஊருக்கே தெரியும். தன் வீட்டுப் பெண்கள் வழிவழியாக அங்கேதான் போய்ச் செத்தார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

ஹெட்டியின் விரல் கடைசிப் பெயரில் வந்து நின்றது. 'சொந்த வீட்டில்.' அதை இரண்டு தரம் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பொய் சொன்னாலும் நல்ல கையெழுத்துல சொல்ற."

முரியல் சுருளின் மேல் சிதறிய துணுக்குகளைத் தட்டிவிட்டாள்.

"சரி, கடைசியா என்ன சொன்னா அன்னிஸ்?"

"ஒண்ணும் சொல்லலக்கா."

"அன்னிஸா? அவ தூங்கறப்பகூட வாயடிப்பாளே!" என்று ஹெட்டி தலையை ஆட்டிக்கொண்டு ஸ்கார்ஃபைக் கட்டினாள். "யாரும் அவ உதட்டப் பார்த்திருக்க மாட்டீங்க."

முரியல் கொல்லை வாசலில் நின்று வழியனுப்பினாள். ஹெட்டி சின்னக் கொல்லையைக் கடந்து, பின்சந்துக் கதவைத் திறந்து, விளக்குக் கம்பத்தின் கீழே போய் நின்றாள். சந்தில் யாரையோ பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. முகம் மலர்ந்து உதடு அசைந்தது. பக்கவாட்டில்தான் தெரிந்தது என்றாலும் முரியலால் படிக்க முடிந்தது.

*ஆமா. உள்ளதான் இருக்கா.*

பிறகு ஹெட்டி கையை ஆட்டிவிட்டு நடந்துவிட்டாள். முரியல் கொல்லைக்கு ஓடிச் சந்தை எட்டிப் பார்த்தாள். ஈரக் கருங்கல் தளம், யாரோ எரித்த நிலக்கரியின் புகை, மூடிய கதவுகள். வேறு யாரும் இல்லை.

கிழவிக்குக் கண் மங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்து கதவைத் தாழிட்டாள். அப்போதுதான் அலமாரியில் இருந்த கோப்பைகள் மெல்ல நடுங்குவது காதில் விழுந்தது. கோப்பையோடு கோப்பை உரசும் சின்னச் சத்தம், லாரி போகும்போது வருவது போல. ஆனால் லாரி போய் முடிந்துவிடும். இது முடியவில்லை. கையை மேசை மேல் வைத்தால் மரத்துக்குள்ளும், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றால் தரைக்குள்ளும் அந்த அதிர்வு ஓடியது. அதனோடு ஒரு வாசனையும் வந்தது, சூடான எந்திர எண்ணெயும் பஞ்சுத் தூசியும் கலந்தது, சிறுமியாக இருந்தபோது அம்மாவின் தலைமுடியில் முகர்ந்தது. ஆலையை இடித்துத் தரைமட்டமாக்கி எத்தனையோ வருஷம் ஆகிறது. அங்கே இப்போது கார் நிறுத்துகிறார்கள்.

அவளுக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. உட்கார்ந்தாள். இவ்வளவு நாள் பேனாவால் தள்ளிவைத்திருந்த மார்ச் மாதம் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அம்மாவுக்கு மாடிப்படியில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்திருந்தது. ஒரு வாரம்தான் என்று சொல்லி முரியல்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அந்த வாரத்தில் முரியல் எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் ராத்திரி முழுக்கத் தூங்கினாள். தூக்குவதும் துடைப்பதும் கழுவுவதும் இல்லாத ராத்திரிகள். அந்தத் தூக்கத்தின் ருசி அவளுக்குப் பிடித்துப்போனது, உண்மை அதுதான். அம்மாவுக்குக் குரல் போய்விட்டிருந்தது. ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தபடி மகளைப் பார்த்து உதட்டை அசைத்தாள். *இது அந்த எடம்டி. என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. உன்னத் தொந்தரவு பண்ண மாட்டேன்.* திரும்பத் திரும்ப அதையே. நர்ஸ் நின்று, "என்ன சொல்றாங்க உங்கம்மா?" என்று கேட்டாள். முரியல் நர்ஸைப் பார்த்து, "தெரியல. எனக்குப் புரியல," என்றாள்.

அம்மா அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெட்டியைப் போலவே தறிக்குக் காதைக் கொடுத்தவள், ஆயுள் முழுக்க உதட்டைப் படித்தே வாழ்ந்தவள். அதையும் படித்தாள். வாயை மூடிக்கொண்டாள். அந்த வாரமே இறந்துபோனாள், யாரிடமும் உதட்டை அசைக்காமல்.

சந்தில் காலடிச் சத்தம் கேட்டது.

மரக்கட்டைச் செருப்பு. லாடம் அடித்தது. அந்தக் காலத்து ஆலைப் பெண்கள் போட்டது, இப்போதெல்லாம் யாரும் போடுவதில்லை. கருங்கல்லில் டக், டக் என்று வந்தது; முதலில் ஒருத்தி, பிறகு இரண்டு பேர், பிறகு எண்ண முடியாதபடி, ஆலைச் சங்கு ஊதினால் வீதி நிறையுமே அப்படி. பேச்சில்லை. சிரிப்பில்லை. ஒரு இருமல்கூட இல்லை.

கோப்பை ஒன்று விழுந்து உடைந்தது. உடைந்த சத்தம் கேட்கவில்லை. அதிர்வின் இரைச்சல் அவ்வளவுக்கு ஏறிவிட்டிருந்தது.

ஜன்னலில் அம்மா நின்றாள்.

ஆஸ்பத்திரி கவுன். தலைமுடி ஒரு பக்கமாய் அமுங்கி, தலையணையில் கிடந்தது கிடந்தபடி. கண்ணாடியில் மூச்சு படியவில்லை. உதடு அசைந்தது, பெரிதாக, நிதானமாக, குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது போல.

*என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ.*

முரியல் திரையை இழுத்து மூடினாள். மூடிய கையோடு அப்படியே நின்றாள். என்ன செய்கிறோம் என்று அப்புறம்தான் உறைத்தது. மறுபடியும் அதையே செய்கிறாள். புரியாததுபோல.

அழுகை வந்தது. பயத்தைவிட அதுதான் பெரிதாக இருந்தது. பெற்றவள் வாசலில் குளிரில் நிற்கிறாள். இந்த ஒரு தரமாவது.

திரையை விலக்கினாள். கண்ணாடிக்கு முகத்தைக் கொண்டுபோய் உதட்டை அசைத்தாள்.

*வாம்மா. வீட்டுக்கு வா.*

தாழ்ப்பாளை நீக்கினாள்.

அம்மா உள்ளே வந்தாள். அவளைப் பார்க்காமல் கடந்துபோனாள். பின்னாலேயே இன்னொருத்தி வந்தாள், சாம்பல் நிற விடுதி அங்கியில். மோவாய்க் குழியைப் பார்த்தாலே தெரிந்தது, பாட்டி. அவள் பின்னால் பாட்டியின் தங்கை. அவள் பின்னால் முரியலுக்குப் பெயர் மட்டுமே தெரிந்தவர்கள். அப்புறம் பெயரும் தெரியாதவர்கள். கார்பாலிக் சோப்பின் நெடி. மட்கிய கம்பளி. கொல்லை நிறைந்திருந்தது. கதவுக்கு அப்பால் சந்தும் நிறைந்திருந்தது. வரிசைக்கு முடிவு தெரியவில்லை.

அவர்கள் மேசையைச் சுற்றி நின்றார்கள். சுவரோரம் நின்றார்கள். படிக்கட்டில் ஏறி நின்றார்கள். எல்லா உதடுகளும் ஒரே நேரத்தில் அசைந்துகொண்டிருந்தன.

முரியலைக் கண்டதும் அத்தனை உதடுகளும் நின்றன. பாட்டி அம்மாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். *இவ முன்னாடி பேசலாமா?*

*தாராளமா பேசுங்க,* என்றன அம்மாவின் உதடுகள். *இவளுக்குப் புரியாது. இவளே சொன்னா.*

உதடுகள் மறுபடி அசையத் தொடங்கின.

*ஜன்னலோரக் கட்டில் காலியாத்தான் இருக்கு.*

*வருவாளா?*

*இவ வரணுமா என்ன? நாம கொண்டு போறோம்.*

*கனமா இருப்பா போலயே.*

*நான் தலைமாடு. நீ கால்மாடு.*

"புரியுது!" என்று முரியல் கத்தினாள். "அம்மா, எனக்குப் புரியுதும்மா! அன்னைக்கும் புரிஞ்சுச்சு!" தொண்டை கிழிந்தது. அவள் காதுக்கே கேட்கவில்லை. நூறு தறிகளின் இடி தரையிலிருந்து எழும்பி, சுவரை, எலும்பை, பல்லை உலுக்கியது. உதட்டை அசைத்தாள். அகலமாக, இன்னும் அகலமாக, அம்மா கற்றுக்கொடுத்தபடி. *புரியுது. புரியுது. புரியுது.*

பாட்டி சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டாள். அவள் தங்கை முரியலின் கணுக்காலைக் குனிந்து பிடித்தாள். விரல்கள் ஆற்றுக் கல்லாய்ச் சில்லிட்டிருந்தன. அம்மா தலைப்பக்கம் வந்து நின்று, தோளுக்கடியில் கையைக் கொடுத்தாள். யாருடைய கண்ணும் முரியலின் முகத்தில் இல்லை.