வேலியோரத்துக் காஞ்சொறி

வண்டி நிற்பதற்குள்ளேயே ராடென்கோ கத்த ஆரம்பித்துவிட்டார்.

"டாக்டரம்மா, என் ராஸ்பெரிக்குப் பக்கத்து வீட்டு வித்தோயே களைக்கொல்லி அடிச்சுட்டான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்னே அடிச்சிருக்கான். ஞாயித்துக்கெழமை அவன் மகனுக்கு என் பொண்ணு டுன்யாவக் குடுக்குறதா இருந்தேன். இனிமே அந்தக் கல்யாணமே கெடையாது."

வண்டியோட்டி க்வோஸ்டெனுக்குத் தலை வலித்தது. செடிநோய் மருத்துவர் ஸ்டாமென்காவோடு அரிலியே மலையெல்லாம் சுற்றுகிறார். எங்கே ஒரு தண்டு வாடினாலும் பக்கத்து வீட்டுக்காரன்தான் குற்றவாளி. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆனாலும் துப்பறிகிற ஆசை மட்டும் போகவில்லை.

"வித்தோயேவேதான்மா. ஆள் முழியே சரியில்ல" என்று கிசுகிசுத்தார்.

"நீங்க அவரப் பாத்ததே இல்லையே" என்றார் ஸ்டாமென்கா.

வாசலில் டுன்யா சிவந்த கண்களோடு நின்றாள். மேஜையில் கும் திகோமிர், தான் கொண்டுவந்திருந்த, சிவப்புக் கயிறு சுற்றிய தொடை இறைச்சியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கும் என்றால் கல்யாணத்துக்குச் சாட்சி நிற்பவர், பிறக்கும் பிள்ளைக்குப் பெயர் வைப்பவர். அந்த மலையில் கும் பேச்சை யாரும் தட்டமாட்டார்கள்.

"அந்த வீட்ட நம்பாதேன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார் கும்.

ஸ்டாமென்கா வேலியோரமாக நடந்தார். அங்கே செடிகள் நன்றாகவே இருந்தன. புல்லும் காஞ்சொறியும் முழங்கால் உயரத்துக்குத் தழைத்திருந்தன. வரிசையின் மறுகோடியில், சாராயம் காய்ச்சும் கொட்டகைப் பக்கம்தான் புதுத் தண்டுகளில் இலைக்காம்பைச் சுற்றி ஊதா நிறத் திட்டுகள். கொட்டகைச் சுவரோடு காய்ந்த ராஸ்பெரித் தண்டுகள் ஆளுயரம் குவிந்திருந்தன, சிவப்புக் கயிற்றால் கட்டுக் கட்டாக.

"பழம் குடுத்த தண்டையெல்லாம் அறுப்பு முடிஞ்சதும் எரிச்சீங்களா?"

"ஒண்ணு விடாம எரிச்சேன். என்னை யாருன்னு நெனச்சீங்க?" என்றார் ராடென்கோ.

"தண்ட எதால கட்டுவீங்க?"

"வெள்ளை நூலால. இப்ப நூலப் பத்தியா பேச்சு? விஷத்தப் பாருங்கம்மா."

க்வோஸ்டெனுக்கும் அதே எரிச்சல்தான். இந்த அம்மா எப்போதும் இப்படித்தான், வீடு பற்றி எரியும்போது வாசல் கோலத்தைப் பார்ப்பவர்.

ஸ்டாமென்கா எல்லாரையும் மேஜைக்கு அழைத்தார். வேலிக்கு அப்பால் வித்தோயே மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்று கேட்டார்.

"வேலிக்கு அந்தப் பக்கமிருந்து களைக்கொல்லி வந்திருந்தா மொதல்ல காஞ்சொறிதான் செத்திருக்கும். அது ஜம்முனு இருக்கு. நோய் இருக்கறது எதிர்க்கோடியில. இது பூஞ்சை. பழைய தண்டுல குளிர்காலம் முழுக்கத் தங்கி, வசந்தத்துல மழை தெறிக்கும்போது புதுத் தண்டுல ஏறும். ராடென்கோ தன் தண்ட எரிச்சுட்டார். அப்ப இந்தக் குவியல் யாரோடது?"

எல்லார் கண்ணும் இறைச்சியைச் சுற்றியிருந்த கயிற்றுக்குப் போனது.

கும் முகம் கறுத்தது. "போன வருஷம் என் ப்ளம் பழத்த இவன் அண்டாவுலதான் காய்ச்சினோம். விறகு நம்மதா இருக்கணும்னு வண்டி நெறையக் கொண்டாந்தேன். மிச்சத்த இருக்கட்டும்னு விட்டேன். அது தப்பா?"

"நோய்த் தண்டுன்னு எனக்கே தெரியும்" என்றார் ராடென்கோ. "கும் குடுத்த விறக எப்படிய்யா வெளிய தூக்கிப் போடுறது?"

க்வோஸ்டென் வந்த கோபத்தில் தொப்பியைக் கழற்றி மேஜையில் அடித்தார். "தெரிஞ்சுமா? கும்மக் கேக்க வெக்கப்பட்டு, பக்கத்து வீட்டுக்காரன விஷம் வெச்சவனாக்கிட்டியேய்யா!"

டுன்யா உள்ளே போய்த் தீப்பெட்டியோடு வந்து, அதைக் கும் கையில் வைத்தாள்.

"நீங்க இல்லாம என் கல்யாணம் நடக்காது, கும். இந்தக் குப்பைய வெச்சுக்கிட்டும் நடக்காது. நீங்களே கொளுத்துங்க."

கும் முனகினார், இருமினார், கடைசியில் எழுந்து போனார். திட்டு விழுந்த தண்டுகளையும் அடியோடு வெட்டி அந்தத் தீயிலேயே போடச் சொன்னார் ஸ்டாமென்கா.

புகைக்கு நடுவே ராடென்கோ வேலிவரை போனார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர்.

"ஞாயித்துக்கெழமை உங்க பக்கம் எத்தன பேரு?" என்றார்.

வித்தோயே மண்வெட்டியைக் கீழே போட்டார். "சம்பந்தி, அத வேலிக்கு அந்தப் பக்கம் நின்னா கேப்பாங்க? உள்ள வா."