ஜன்னல் கம்பியில் கட்டிய கயிறு

முப்பது நாளாகத் தொய்ந்து கிடந்த கயிறு அன்று மத்தியானம் விறைப்பாக இருந்தது.

ஃபிராங்க்ளின் அறை வாசலிலேயே நின்றுவிட்டான். ஆறடி நீல நைலான் கயிறு. ஒரு முனை ஜன்னல் கம்பியில். மறுமுனையை, மனைவி ஸ்டெபியைச் சவப்பெட்டியில் வைப்பதற்கு முன், அவள் மணிக்கட்டிலிருந்து அவன்தான் கத்தரித்தான். அன்றிலிருந்து அது தரையில் கிடந்தது. இப்போது கம்பியிலிருந்து நேராக இறங்கி, கட்டிலிலிருந்து தொங்கிய போர்வைக்குப் பின்னால் இருந்த இருட்டுக்குள் போயிருந்தது, அந்தப் பக்கம் யாரோ பிடித்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருப்பதுபோல.

கட்டில் காலில் சிக்கியிருக்கும்.

கயிறு ஸ்டெபியின் யோசனை. அவள் அப்பா ரோச் தருவைகுளத்தில் சங்கு குளித்தவர். அவர் கடலுக்குள் இறங்கினால் மேலே கயிற்றைப் பிடிப்பது மனைவியின் தம்பி. அக்காள் தாலி அறுவதற்கு எவன் சம்மதிப்பான்?

"ஒரு இழுப்பு இழுத்தா மேல தூக்கணும். அப்பாவுக்கு மாமா. எனக்கு நீங்க," என்று சொல்லி, எலும்பாகிவிட்ட தன் கையையும் அவன் கையையும் கயிற்றின் இரு முனைகளில் அவளே கட்டினாள். "உறங்கிராதிய. சுறா கொண்டு போயிரும்."

கூடத்திலிருந்து மெட்டில்டா சிஸ்டரின் குரல் கேட்டது. இரண்டு மாதம் வீட்டுக்கே வந்து ஸ்டெபியைப் பார்த்துக்கொண்ட நர்ஸ். மீந்துபோன மார்ஃபின் மாத்திரைகளைத் திரும்ப வாங்கிப் போகவும், அவனை ஒருமுறை பார்க்கவும் வந்திருந்தார்.

"சாப்ட்டியளா தம்பி?"

"ம்."

"பொய். கேஸ் அடுப்பு மேல பூனை உறங்குது."

அவன் மாத்திரை அட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தான். அவர் பையை மூடிவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"மூச்சு நின்னு நின்னு வரும், முடிஞ்சிட்டுன்னு பதறாதிய, கையப் பிடிச்சிக்கிட்டுப் பொறுத்து இருங்கன்னு சொன்னேம்லா? இருந்திய. எத்தனை பேரு வெளிய ஓடிருதாவ தெரியுமா?"

அவன் தலையாட்டினான். முப்பது நாளாக எல்லோரிடமும் அப்படித்தான் ஆட்டிக்கொண்டிருந்தான்.

அவன் இருக்கவில்லை. பதினோரு நாள் கண் மூடாதவன், மூச்சு நிற்கும்போதெல்லாம் முப்பது, நாற்பது என்று எண்ணி, அது திரும்பி வந்ததும் தானும் மூச்சு விட்டவன், அந்த மத்தியானம் தன் மணிக்கட்டிலிருந்து கயிற்றை அவிழ்த்து ஜன்னல் கம்பியில் கட்டினான். ஒரு மணி நேரம்தான். மறுமுனையில் ஏதோ ஒன்று பிடித்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைத்தான்.

விழித்தபோது அறை அமைதியாக இருந்தது. இரும்புக் கம்பி கட்டில் பக்கம் வளைந்திருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை.

சிஸ்டரின் ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. அதற்குப் பிறகுதான் வாடை வந்தது. சங்கைச் சுத்தம் செய்யப் புதைத்துவைக்கும் குழியில் அழுகும் சதையின் வாடை. அதற்கடியில், அவள் உதட்டை நனைக்க வைத்திருந்த ஈரப் பஞ்சின் மெல்லிய நெடி.

டக்.

கம்பி அதிர்ந்தது.

ஒரு இழுப்பு.

அவன் உள்ளே போனான். கயிற்றைத் தொட்டான். ஈரம். விரலை நாக்கில் வைத்தான். உப்பு. முடிச்சை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டான்.

இழுத்தான்.

வந்தது. ஆறடி வந்தது. அதற்கு மேலும் வந்தது. சில்லென்று, மணல் ஒட்டி, அவன் காலடியில் வளையம் வளையமாக விழுந்தது. வெட்டிய முனை வரவில்லை. கைவிரித்து அளக்கும் பாகக் கணக்கில் இரண்டு. ஐந்து. ஒன்பது. உள்ளங்கை கிழிந்தது. கனம் ஏறிக்கொண்டே வந்தது. நிறுத்த முடியவில்லை. நிறுத்தவும் கூடாது.

போர்வை அசைந்தது.

முதலில் முடிச்சு. அவள் போட்ட அதே முடிச்சு. வெட்டுப்படாமல்.

முடிச்சுக்குள் மணிக்கட்டு. வெளுத்து, ஊறி, சுருங்கியது. விரல்கள் தரையில் தடவித் தடவி வந்தன. அவன் பாதத்தில் ஏறின. முழங்காலில். கயிறு சுற்றிய அவன் கையில்.

பிடித்துக்கொண்டன.

கட்டிலுக்கடியில், முப்பது நாளாக நின்றிருந்த மூச்சு, நீளமாக, ஈரமாக, உள்ளே போனது.

நின்றது.

கை விடவில்லை.